பட்டாம்பூச்சியை ஸ்லோமோஷனில் எடுப்பது எப்படி? போனில் தொடங்கி கேமரா வரை முழுமையான வழிகாட்டி

ஸ்லோமோஷனில் பூச்சி எடுக்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் தேனீயிடம்தான் போகிறார்கள். பூவில் எப்போதும் இருக்கும், ஆளைக் கண்டு அவ்வளவாக மிரளாது. எடுத்துப் பார்த்தால் உடம்பு தெளிவாக இருக்கும், இறக்கை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் புகைமூட்டம். உடனே போன் மட்டம் என்று முடிவுகட்டி விடுகிறார்கள். போனில் குறையில்லை. அந்தப் போனின் வேகத்துக்கு அந்தப் பூச்சி பொருந்தவில்லை, அவ்வளவுதான். கையில் இருக்கும் கருவிக்கு எந்தப் பூச்சியின் சிறகடிப்பு அகப்படும் என்று பார்த்துத் தொடங்கினால், சாதாரணப் போனிலேயே அசந்துபோகும் காட்சிகள் கிடைக்கும். அதனால் இந்த வழிகாட்டியும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

முதல் படி: சிறகடிப்புக்கும் பிரேமுக்கும் கணக்குப் போடுங்கள்

பட்டாம்பூச்சி நொடிக்குச் சுமார் 10 முறை சிறகடிக்கும். இனத்தைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும், குறையும். தட்டான் சுமார் 30 முறை. வீட்டு ஈ 200 முறை. தேனீ 230 முறை. கொசு 400-ஐத் தாண்டும்.

இப்போது போன் பக்கம் வருவோம். வீடியோ என்பது அடுத்தடுத்து ஓடும் படங்கள்தான்; அந்த ஒவ்வொரு படமும் ஒரு பிரேம். பல போன்களில் நொடிக்கு 240 பிரேம் எடுக்கும் வசதி இருக்கிறது. அதை நொடிக்கு 30 பிரேமாக ஓடவிட்டால் காட்சி 8 மடங்கு மெதுவாகும். 240-ஐ 10-ஆல் வகுத்தால் பட்டாம்பூச்சியின் ஒரு சிறகடிப்புக்கு 24 பிரேம் கிடைக்கிறது. திரையில் ஒரு சிறகடிப்பு முக்கால் நொடிக்கும் சற்று அதிகமாக நீடிக்கும். இறக்கை மேலே போவது, வளைவது, கீழே இறங்குவது எல்லாமே தெரியும். தட்டானுக்கு 8 பிரேம் கிடைக்கும். அதுவும் போதும், முன் இறக்கைகளும் பின் இறக்கைகளும் தனித்தனியாக அசைவதைப் பிரித்துப் பார்க்கலாம்.

தேனீக்கு ஒரு பிரேம்தான் கிடைக்கும். அதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 230 சிறகடிப்பை 240 பிரேமில் பிடிக்கும்போது ஒவ்வொரு பிரேமிலும் இறக்கை கிட்டத்தட்ட ஒரே இடத்தில் மாட்டும். ஓட்டிப் பார்த்தால் தேனீ இறக்கையைச் சோம்பேறித்தனமாக, சில சமயம் பின்னோக்கி அசைப்பது போலத் தெரியும். சினிமாவில் வண்டிச் சக்கரம் பின்னால் சுழல்வது போலத் தெரிவதும் இதனால்தான். பார்க்க அழகாக இருந்தாலும் தேனீ உண்மையில் அப்படிப் பறப்பதில்லை. இப்படி ஒரு காட்சி கிடைத்தால் அதைத் தேனீயின் நிஜச் சிறகடிப்பு என்று சொல்லிப் பகிராதீர்கள்.

ஒரு சிறகடிப்புக்குக் குறைந்தது 6 பிரேம், நன்றாக வேண்டுமானால் 10. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கில் தேனீக்கு 2000 பிரேமுக்கு மேல் வேண்டும். அது ஆய்வகங்களும் பெரிய தயாரிப்பு நிறுவனங்களும் வைத்திருக்கும் அதிவேகக் கேமராக்களின் வேலை. வட கரோலினா இயற்கை அறிவியல் அருங்காட்சியகத்தின் ஏட்ரியன் ஸ்மித், அந்துப்பூச்சிகளும் சிறு வண்டுகளும் எழும்பிப் பறப்பதை 3200 பிரேமிலும் அதற்கு மேலும் எடுத்துக் காட்டியிருக்கிறார். நமக்கு 240 இருக்கிறது. பட்டாம்பூச்சிக்கு அது தாராளம்.

இரண்டாம் படி: கையில் இருக்கும் கருவியைத் தெரிந்துகொள்ளுங்கள்

போன் என்றால் முதலில் செட்டிங்ஸில் போய் ஸ்லோமோஷன் 120-இல் இருக்கிறதா 240-இல் இருக்கிறதா என்று பாருங்கள். 960 என்று விளம்பரம் செய்யும் போன்களிடம் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். 2018-இல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்9 போன்றவை நிஜமாகவே 960 எடுத்தன, ஆனால் ஒரு தடவைக்கு 0.2 நொடி மட்டும். வேறு சில போன்கள் குறைந்த வேகத்தில் எடுத்துவிட்டு, இடையில் வரவேண்டிய பிரேம்களை மென்பொருளால் கற்பனை செய்து நிரப்புகின்றன. கண்டுபிடிப்பது சுலபம். மின்விசிறியை முழு வேகத்தில் ஓடவிட்டு எடுத்துப் பாருங்கள். றெக்கையின் ஓரம் ரப்பர் போல நெளிந்தால் அது நிரப்பிய பிரேம். 240-க்கே திரும்பிவிடுங்கள்.

போனில் உள்ள மேக்ரோ வசதி இதற்கு உதவாது. இரண்டு மூன்று சென்டிமீட்டர் நெருங்கச் சொல்லும். அதற்குள் பூச்சி போய்விடும், போகாவிட்டாலும் போனின் நிழல் அதன்மேல் விழும். பல போன்களில் 240 பிரேம் பிரதானக் கேமராவில்தான் வேலை செய்யும். அதன்மேல் மாட்டும் ஒரு கிளிப் லென்ஸ் வாங்கினால், குறைந்த பவர் உள்ளதாக வாங்குங்கள். பவர் கூடக் கூடப் பூச்சிக்கு நெருங்கிப் போக வேண்டும். இப்படி முன்னால் மாட்டும் க்ளோஸப் லென்ஸின் கணக்கு எளியது: பவர் +4 என்றால் 25 சென்டிமீட்டர் தூரம், +8 என்றால் 12.5 சென்டிமீட்டர். பட்டாம்பூச்சிக்கு +4-ஐத் தாண்ட வேண்டியதில்லை.

கேமரா வைத்திருப்பவர்களுக்கு 90 முதல் 105 மில்லிமீட்டர் மேக்ரோ லென்ஸ் நல்லது. 70-300 மில்லிமீட்டர் ஜூம் லென்ஸின் முனையில் ஒரு க்ளோஸப் லென்ஸ் மாட்டிக்கொள்வது அதைவிட நல்லது என்பேன், ஏனென்றால் தள்ளி நின்றே எடுக்கலாம். பறக்கும் காட்சிக்கு ஒற்றைக் கண்ணை மட்டும் பெரிதாக்கும் உருப்பெருக்கம் தேவையில்லை. பட்டாம்பூச்சியும் அது எழும்பிப் போகும் வெளியும் சேர்ந்து, சுமார் 20 சென்டிமீட்டர் அகலம் சட்டத்துக்குள் வந்தால் போதும். இன்னொன்று, பல கேமராக்களில் 120 பிரேமுக்கு மாற்றியதும் படத்தின் ஓரங்கள் வெட்டுப்பட்டு காட்சி நெருங்கிவிடும். வீட்டிலேயே சோதித்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

பழைய கேமரா வாங்கும் எண்ணமிருந்தால் 2015-இல் வந்த சோனி ஆர்எக்ஸ்100 நான்காம் மாடலும் அதற்கு அடுத்து வந்ததும் தேடிப்பார்க்கத் தகுந்தவை. நிஜமான 250, 500, 1000 பிரேம் எடுப்பவை. அவற்றின் இன்னொரு வசதியைக் கீழே சொல்கிறேன்.

மூன்றாம் படி: ஷட்டரும் வெளிச்சமும்

பிரேம் எண்ணிக்கை அசைவை மெதுவாக்கும். இறக்கையைக் கூர்மையாகக் காட்டுவது ஷட்டர், அதாவது ஒவ்வொரு பிரேமும் பதிவாகும் நேரம்; 1/2000 என்றால் நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் பலருடைய காட்சிகள் மெதுவாக ஓடியும் மங்கலாகவே இருக்கின்றன.

5 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு இறக்கையை எடுத்துக்கொள்வோம். மேலிருந்து கீழே வர அதன் நுனி ஏறக்குறைய 12 சென்டிமீட்டர் வளைவைக் கடக்கிறது. நொடிக்கு 10 சிறகடிப்பு என்றால் அந்த ஒரு வீச்சுக்கு ஆகும் நேரம் நொடியில் இருபதில் ஒரு பங்கு. அதாவது நுனியின் வேகம் நொடிக்கு 2.4 மீட்டர். ஷட்டர் எண் பிரேம் எண்ணைப் போல இரு மடங்கு இருக்க வேண்டும் என்ற வழக்கமான வீடியோ விதிப்படி 240 பிரேமுக்கு 1/480 ஷட்டர் வைத்தால், ஒரு பிரேம் பதிவாகும் நேரத்துக்குள் நுனி 5 மில்லிமீட்டர் இழுபடும். இறக்கையின் கோலமெல்லாம் கலங்கிப் போகும். 1/2000 வைத்தால் 1.2 மில்லிமீட்டர், கோலம் தெரியும். 1/4000 வைத்தால் அதுவும் பாதியாகும். ஆகவே அந்த வீடியோ விதியை இங்கே ஓரமாக வைத்துவிடுங்கள். 1/2000-ஐ அடிப்படையாக வைத்துக்கொண்டு, வெளிச்சம் இருந்தால் மேலே போங்கள்.

இதற்கு வெளிச்சம் ஏராளமாக வேண்டும். கேமராவில் அபெர்ச்சர் என்பது லென்ஸின் திறப்பு, ஐஎஸ்ஓ என்பது வெளிச்சத்தை உணரும் திறன். நல்ல வெயிலில் அபெர்ச்சர் எஃப் 8, ஷட்டர் 1/2000, ஐஎஸ்ஓ 500 அளவில் சரியாக வரும்; நெருங்கி எடுக்கும்போது ஐஎஸ்ஓ 800, 1000 ஆகும். அதே செடி மர நிழலில் இருந்தால் ஐஎஸ்ஓ 4000-க்கு மேல் ஏற்ற வேண்டி வரும், படம் மணல் கொட்டியது போல ஆகிவிடும். போனின் அபெர்ச்சர் அகலமாக இருப்பதால் வெயிலில் அதுவாகவே வேகமான ஷட்டரை எடுத்துக்கொள்ளும். போனில் எடுக்கிறவர்கள் வெயில் விழும் பூவாகப் பார்த்து நின்றாலே பாதி வேலை முடிந்தது. கூடவே திரையில் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்ச அளவையும் பூட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் இறக்கை விரிந்து மூடும்போதெல்லாம் வெளிச்சம் ஏறி இறங்கும்.

எந்தப் பக்கத்து வெளிச்சம்? பின்பக்கத்திலிருந்து சாய்வாக விழும் காலை வெயில்தான் என் விருப்பம். இறக்கை வழியாக வெளிச்சம் ஊடுருவி வரும்போது நரம்புகள் ஒவ்வொன்றும் எழுந்து தெரியும்; எழும்பும்போது உதிரும் செதில்களும் மகரந்தத் துகளும் மின்னும். எதிர்ப்பக்கம் இருட்டடித்தால் ஒரு வெள்ளைத் தெர்மக்கோல் அட்டையைச் சாய்த்து வைத்தால் சரியாகிவிடும். பின்னணி தூரமாகவும் இருட்டாகவும் இருந்தால் இன்னும் நல்லது.

வீட்டு விளக்கில் எடுப்பதைத் தவிர்த்துவிடுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. கண்ணுக்குத் தெரியாது, ஸ்லோமோஷனில் காட்சி முழுக்கத் துடிக்கும். செயற்கை வெளிச்சம் தேவைப்பட்டால் வீடியோவுக்கென்றே செய்த, பேட்டரியில் எரியும் எல்ஈடி விளக்கை முதலில் 240-இல் சோதித்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

நான்காம் படி: எங்கே, எப்போது

பட்டாம்பூச்சிக்கு உடம்பு சூடேறினால்தான் பறக்க முடியும். அதனால் விடிந்ததும் இலைமேல் இறக்கையை விரித்து வெயில் காயும். அந்த நேரத்தில் நெருங்கலாம், ஃபோகஸ் பழகலாம். எட்டரை மணியிலிருந்து பதினொரு மணி வரை படமெடுக்க ஏற்ற நேரம். உச்சி வெயிலில் அவை துருதுருவென்று ஆகிவிடும், நிழல்களும் கறுத்துவிடும். தமிழ்நாட்டுச் சமவெளியில் மழைக்குப் பிறகு செடிகொடி தழைக்கும் அக்டோபர் முதல் ஜனவரி வரை நல்ல காலம். மழை விட்டு வெயில் அடித்த காலைப் பொழுதைத் தவறவிடாதீர்கள்.

இடம் தேடி அலைய வேண்டியதில்லை. எந்தச் செடி என்று தெரிந்தால் போதும். எருக்கஞ்செடி இருக்கும் பொட்டலில் வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சி முட்டையிட வரும். உண்ணிச்செடி, இட்லிப்பூ பக்கம் அழகிகள் என்று சொல்லப்படும் பெரிய பட்டாம்பூச்சிகள் வரும். கிலுகிலுப்பைச் செடியையும் தேள்கொடுக்குச் செடியையும் வரியன் வகைப் பட்டாம்பூச்சிகள் மொய்க்கும். ஆண் பூச்சிகளுக்கு இணைசேரத் தேவையான வேதிப்பொருள் அவற்றில் இருக்கிறது. காய்ந்த கிளையைக்கூட விடாமல் உறிஞ்சிக்கொண்டு நிற்கும், ஆளைக் கவனிக்காது. ஆற்றோர ஈரமணலில் உப்புச்சத்தை உறிஞ்ச ஆண் பட்டாம்பூச்சிகள் கூட்டமாக உட்காருவதும் அப்படித்தான். கூட்டம் மொத்தமாக எழும்பும் காட்சிக்கு அங்கே காத்திருக்கலாம். எழுப்பிவிடக் கல் எறியாதீர்கள், ஒரு வாகனமோ பறவையோ அந்த வேலையைச் செய்யும்.

திருச்சியில் ஸ்ரீரங்கம் அருகே மேலூரில் இருக்கும் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, 2015-இல் திறக்கப்பட்டது, பழகுவதற்கு நல்ல இடம். கேமரா, ட்ரைபாட் பற்றிய விதிகளை வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். காப்புக்காட்டுக்குள் போவதானால் வனத்துறை அனுமதி கட்டாயம்.

ஐந்தாம் படி: துரத்தாதீர்கள், காத்திருங்கள்

பறக்கும் பட்டாம்பூச்சியைப் பின்தொடர்ந்து ஃபோகஸ் செய்வது நடக்காத காரியம். பூச்சி வரப்போகும் இடத்தில் ஃபோகஸை வைத்துவிட்டுக் காத்திருப்பதுதான் வழி. ஆட்டோஃபோகஸை அணைத்துவிடுங்கள். அந்தப் பூவில் மேனுவலாகக் கூர்மை வைத்து, ட்ரைபாடிலோ, அரிசி நிரப்பிய சின்னத் துணிப்பையிலோ கேமராவை அமர்த்துங்கள்.

நெருங்கி எடுக்கும்போது கூர்மையாக இருக்கும் ஆழம் மிகக் குறைவு. ஆகவே பூச்சிக்கு நேர் பக்கவாட்டில் இருங்கள். இறக்கையை மூடி உட்கார்ந்திருக்கும் பட்டாம்பூச்சி பக்கவாட்டில் ஒரு தாள் போலத் தட்டையாக இருக்கும். கேமரா அதற்கு இணையாக இருந்தால் தலை முதல் வால் வரை ஒரே கூர்மை. பறக்கும் திசையும் அந்தத் தளத்திலேயே இருக்க வாய்ப்பு அதிகம். சட்டத்தில் பூச்சியைக் கீழ்ப்பக்கமாக வைத்து, மேலேயும் தலை இருக்கும் பக்கமும் தாராளமாக இடம் விடுங்கள்.

கிட்டே போகும்போது தாழ்ந்து, மெதுவாக, இடைவெளி விட்டு விட்டு நகருங்கள். உங்கள் நிழல் பூச்சிமேல் விழுந்தால் அன்றைய காட்சி போச்சு.

அப்புறம், எப்போது பொத்தானை அழுத்துவது? பூச்சி எழும்பியதைப் பார்த்து அழுத்தினால் தாமதமாகிவிடும். இந்தத் தொல்லை தொழில்நுட்பம் பிறந்த நாளிலிருந்தே இருக்கிறது. 1904-இல் பாரிஸில், அசைவைப் படம்பிடிப்பதில் முன்னோடியான மாரே என்ற விஞ்ஞானியின் ஆய்வு நிலையத்தில் லூசியன் புல் என்பவர், மின்பொறி வெளிச்சத்தில் பூச்சிகள் பறப்பதைச் சுழலும் படச்சுருளில் பதிவு செய்தபோது, பூச்சி கிளம்புவதே கருவியை முடுக்கிவிடும்படி அமைத்தார். இன்றைய கேமராக்களில் அதற்கு வேறு வழி உண்டு. மேலே சொன்ன சோனி கேமராவில் எண்ட் ட்ரிக்கர் என்றொரு அமைப்பு இருக்கிறது. கேமரா ஓயாமல் நினைவில் பதிந்துகொண்டே இருக்கும். பூச்சி எழும்பிய பிறகு அழுத்தினால், அழுத்துவதற்கு முந்தைய சில நொடிகளைச் சேமித்துவிடும். அந்த வசதி இல்லாத போனில், பூச்சி தேன் உறிஞ்சும் குழலைச் சுருட்டத் தொடங்கும்போது பதிவைத் தொடங்குங்கள். குழல் சுருண்டால் கிளம்பப் போகிறது என்று அர்த்தம். நீளமாக எடுத்துக் குவிக்காதீர்கள்: 30 நொடி பதிவு, ஓட்டிப் பார்க்க 4 நிமிடம்.

எந்தக் காட்சியில் தொடங்கலாம்

புதிதாக எடுப்பவர்களுக்கு நான் சொல்வது, பூவில் தேன் குடிக்கும் அழகிகளை எடுங்கள். கறிவேப்பிலை, எலுமிச்சைச் செடிகளில் வளரும் கறுப்பு நிறப் பெரிய பட்டாம்பூச்சிகள் இந்த வகைதான். மற்றவை போல இறக்கையை மடக்கி உட்காராமல், குடிக்கும்போதும் முன் இறக்கைகளைப் படபடத்துக்கொண்டே இருக்கும். உடம்பு ஒரே இடத்தில், இறக்கை மட்டும் அசைவில். ஃபோகஸ் தப்பாது. 240-இல் பாருங்கள்: கால்கள் இதழைத் தொட்டும் தொடாமலும் ஊன்றியிருக்க, பாரத்தை முன் இறக்கைகள் தாங்குகின்றன, பின் இறக்கைகள் ஏறக்குறைய அசையாமல் தொங்குகின்றன, ஒவ்வொரு வீச்சுக்கும் பூ ஒருமுறை தாழ்ந்து எழுகிறது. வெறுங்கண்ணுக்கு இது வெறும் படபடப்பு.

அடுத்தது எழும்பும் காட்சி. இறக்கைகள் முதுகுக்கு மேலே ஒன்றோடொன்று தட்டிக்கொண்டு விலகும் கணத்தைத் தேடுங்கள். ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், அந்தத் தட்டலின்போது இறக்கைகள் தட்டையாக இல்லாமல் குழிந்து, இடையில் காற்றைச் சிறைப்பிடித்துப் பின்னால் தள்ளுவதால் பூச்சிக்குக் கூடுதல் உந்துவிசை கிடைக்கிறது என்று காட்டினார்கள். நல்ல பக்கவாட்டு வெளிச்சம் இருந்தால் இறக்கை வளைவதை உங்கள் போன் காட்சியிலேயே பார்க்கலாம்.

தட்டானுக்குக் குளக்கரை. குச்சி நுனியில் உட்கார்ந்து இரை தேடும் வகை, எழும்பிப் போய்விட்டு அதே குச்சிக்குத் திரும்பி வரும். குச்சியில் ஃபோகஸ் வைத்துக்கொண்டால் வந்து இறங்கும் காட்சி உறுதி. வானத்தில் கூட்டமாகச் சுற்றும் தட்டான்களை விட்டுவிடுங்கள், அவை லேசில் உட்காருவதில்லை.

தேனீக்களிடம் இறக்கையை விட்டுவிட்டு வேறொன்றை எடுக்கலாம். கத்தரிப்பூவின் மகரந்தப்பை நுனியில் சிறு துளைதான் இருக்கும். கருவண்டும் (பெயரில் வண்டு என்றாலும் அதுவும் தேனீ வகைதான்) நீலவரித் தேனீயும் பூவைக் கட்டிப்பிடித்து உடம்பை அதிரவைக்கும்போது, துளை வழியாக மகரந்தம் கொட்டும். இறக்கை அப்போது மடங்கியிருக்கும், ஆகவே 230 கணக்கு நம்மைத் தொல்லை செய்யாது. இருண்ட பின்னணி, பின்பக்க வெயில். மகரந்தம் சிதறிப் பரவி மெல்ல விழுவதை 240 நன்றாகவே பிடிக்கும். மாடித் தோட்டத்தில் கத்தரி வைத்திருப்பவர்கள் காலையில் முயலுங்கள்.

கறிவேப்பிலைச் செடியில் கூட்டுப்புழு இருந்தால் அதிர்ஷ்டம். கூட்டின் தோல் வழியாக இறக்கையின் நிறம் தெரியத் தொடங்கினால் பெரும்பாலும் மறுநாள் காலையில் வெளிவரும். வெளிவந்து இறக்கை விரிவதற்குச் சாதாரண வீடியோ போதும். காய்ந்து முதன்முதலாகப் பறக்கும் கணத்துக்கு ஸ்லோமோஷன். செடியை உள்ளே கொண்டுவராதீர்கள், கிளையை ஒடிக்காதீர்கள்.

செய்யவே கூடாதவை

பூச்சி அசையாமல் இருக்க வேண்டும் என்று ஃப்ரிட்ஜில் வைத்துக் குளிரூட்டி எடுப்பவர்கள் இருக்கிறார்கள். குளிர்ந்த பூச்சி இயல்பாகப் பறக்காது. பாதி மயக்கத்தில் தட்டுத்தடுமாறும். அதைப் படமெடுத்து இயற்கை என்று காட்டுவது பொய், பூச்சிக்கும் கொடுமை. இறக்கையைப் பிடிப்பது, ஊதிக் கிளப்புவது, பசை தடவுவது எதுவும் வேண்டாம். சில பட்டாம்பூச்சிகள் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருகின்றன, பிடிப்பதே குற்றம்.

எடிட்டிங்

போன் தானாகவே மெதுவாக்கிக் கொடுத்துவிடும். எங்கே மெதுவாகத் தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்பதை மட்டும் கேலரியில் நகர்த்திச் சரிசெய்யுங்கள். கேமரா கோப்பு என்றால் டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பு போதும். கிளிப்பின் பண்புகளில் பிரேம் வேகத்தை 25 என்று மாற்றினால், 100 பிரேமில் எடுத்தது 4 மடங்கு மெதுவாக ஓடும். அதற்கும் மேல் மெதுவாக்க மென்பொருளை நம்ப வேண்டாம். சிறகுகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்தில் அது குழம்பி, இல்லாத இறக்கையை வரைந்துவிடும்.

எழும்புவதற்கு முன் அரை நொடி சாதாரண வேகத்தில் ஓடவிட்டு, கால் பூவை விட்டு விலகும் இடத்தில் மெதுவாக்குங்கள். வேக வித்தியாசம் தெரிந்தால்தான் பார்ப்பவருக்கு அந்தக் கணத்தின் அருமை புரியும். ஸ்லோமோஷனில் பல கேமராக்களில் ஒலி பதிவாகாது, பதிந்தாலும் உதவாது. காட்சியை எடுத்து முடித்ததும் அதே இடத்தில் ஒரு நிமிடம் சாதாரண வீடியோ எடுத்து வையுங்கள், பறவைச் சத்தமும் காற்றும் அதிலிருந்து கிடைக்கும்.

காட்சியைப் பகிரும்போது எத்தனை பிரேம், எந்த ஊர், எந்த மாதம், எந்தப் பூ என்று கீழே எழுதுங்கள். பூச்சியின் பெயர் தெரியாவிட்டால், உயிரினங்களை அடையாளம் காண உதவும் ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் கேட்கலாம். அங்கே வீடியோ ஏற்ற முடியாது. 1/2000-இல் எடுத்திருந்தால் ஒவ்வொரு பிரேமும் ஒரு தெளிவான புகைப்படம்தான். இறக்கையின் மேல்பக்கம் தெரியும் ஒரு பிரேம், அடிப்பக்கம் தெரியும் ஒரு பிரேம், இரண்டையும் தனியே எடுத்து ஏற்றுங்கள். ஒரே பக்கத்தை வைத்துப் பல இனங்களைப் பிரித்தறிய முடியாது.